பிறந்த வீட்டு ரத்தம்

ஜூன் 4, செவ்வாய்

எடை 49. தண்ணீர் முக்கால் லிட்டர். பிரஷர் காலையில் 150/90, மாலையில் கொஞ்சம் குறைவு.

என் பிள்ளைக்கு டாக்டரம்மா இவ்வளவுதான் எழுதச் சொன்னார். நூல் கடையில் கொடுத்த டைரியில் இது இரண்டு வரி. மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது. எனக்கும் பேச ஆள் இல்லை. ஒரு மனுஷி எத்தனை நாள்தான் வயிற்றெரிச்சலை வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பது?

பூபாலனுக்கு வயது பத்தொன்பது. எனக்கு ஒரே பிள்ளை. இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஈரோட்டில் டயாலிசிஸ். இரண்டு காதிலும் மெஷின். எங்கள் ஊரில் காது கேட்காவிட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் கிடப்பவர்கள்தானே, ‘தறிக்காது’ என்று சொல்லிவிட்டு இன்னும் சத்தமாகப் பேசுவார்கள். கிட்னி போனால் சாயப்பட்டறைத் தண்ணீர் என்பார்கள். என் அப்பாவுக்கு இரண்டும் இருந்தது. ஊரே தறியையும் தண்ணீரையும் திட்டிவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

பூபாலனுக்குக் கிட்னி கொடுக்கிறேன் என்று போன தையில் என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். ரத்த வகை ஒன்றுதான். டெஸ்டுக்குப் போகிற அன்று காலையில் சட்டை போட்டவர், கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். காரணம் பங்குனிப் பொங்கலன்று பந்தியில் தெரிந்தது. என் நாத்தனார் சுலோச்சனா இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நாலு பேர் கேட்கச் சொன்னாள்.

“என்ற தம்பி எதுக்கு ஒடம்பக் கீறிக்கோணும்? அது அவொப்பன் ஊட்டு ரத்தம். அந்த மனுசனும் செவிடாகி, மூஞ்சி ஊதித்தான செத்தாரு? பையனுக்கு அப்பன் பேர வெச்சவ, பேரோட நோவையும் சேத்து வெச்சுட்டா.”

அவள் சொன்ன ‘அந்த மனுசன்’ அவளுக்குத் தாய்மாமன். அவள் அம்மா என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அத்தை மகனைத்தான் நான் கட்டியிருக்கிறேன். என் அப்பா மடியில் உட்கார்ந்துதான் அவள் காது குத்திக்கொண்டாள்.

நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தவள். இன்னும் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனால் அவர் சம்பளம் வாங்குவது அவள் தறிப்பட்டறையில். என் வீட்டு அடுப்பே அவள் தயவில்தான் எரிகிறது. இருக்கட்டும். எனக்கும் ஒரு காலம் வரும். வராவிட்டால் வரவைப்பேன்.

ஜூன் 7, வெள்ளி

எடை 48.5. ஊசி போடும்போது பூபாலன் என் கையைப் பிடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டான். பழகிவிட்டதாம். பழகக்கூடாதது இது.

ஜூன் 14, வெள்ளி

ஜீன் டெஸ்ட் முடிவு வந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வட்டமும் சதுரமும் போட்டார். வட்டம் பெண், சதுரம் ஆண். நோய்க்கு ஆல்போர்ட் என்று பேர். கிட்னியையும் காதையும் சேர்த்தே பிடிக்குமாம்.

“எங்கப்பாவுக்கும் காது கேக்காதுங்க. அது தறிக்காதுன்னு...” என்றேன்.

“தறிக்காது வந்தா கிட்னி போகாதும்மா. ரெண்டும் ஒரே நோய். உங்க அப்பாவுக்கு இருந்திருக்கு. அப்பாவுக்கு இருந்தா பொண்ணுங்க எல்லாருக்கும் போகும், பையனுக்குப் போகாது. அம்மாவுக்கு இருந்தா பொண்ணோ பையனோ, பாதிக்குப் பாதி. உங்ககிட்ட இருந்து பூபாலனுக்கு வந்திருக்கு.”

அப்படியானால் அவள் பந்தியில் சொன்னது சரி. அந்த நாற்காலியிலேயே செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு. “நா நல்லாத்தானுங்களே இருக்கேன்” என்று மட்டும் வாயில் வந்தது.

“பெண்களுக்கு அந்த ஜீன் ரெண்டு இருக்கும். ஒடம்பு இடத்துக்கு இடம் ஒண்ண நிறுத்திட்டு இன்னொண்ண ஓட்டும். ரெண்டு தறியில ஒண்ண மட்டும் ஓட்டற மாதிரி. எந்த இடத்துல எது ஓடும்னு யாராலயும் சொல்ல முடியாது. நல்லது அதிகமா ஓடினா தப்பிச்சோம். உங்களுக்கும் யூரின்ல லேசா ரத்தம் போகுது. அதனாலதான் உங்க கிட்னிய எடுக்கத் தயங்கறேன்.”

பிறகு மேலே ஒரு வட்டம் போட்டார். அப்பாவுக்கு இது அவர் அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டுமாம். அந்த அம்மாவுக்கு வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

“ஒரு பொண்ணு. எங்கப்பாவுக்கு அக்கா.”

“அவங்க எங்க இருக்காங்க?”

“போய்ச் சேந்துட்டாங்க. அவங்கதான் என்ற மாமியாருங்க.”

டாக்டரம்மா பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து, அத்தைக்கு ஒரு வட்டம், கீழே என் வீட்டுக்காரருக்கு ஒரு சதுரம், சுலோச்சனாவுக்கு ஒரு வட்டம். அவருக்கு ஐம்பது வயதாகிறது, காதும் நன்றாகக் கேட்கிறது, யூரினும் சுத்தம் என்றால் அவருக்கு இது இல்லவே இல்லை என்றார். சுலோச்சனா வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டார்.

“இவங்களுக்குப் பசங்க?”

“ஒரு பையன். இருவத்தாறு வயசு.”

“உடனே வரச் சொல்லுங்க. யூரின் பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். சீக்கிரம் தெரிஞ்சா மாத்திரையிலயே பல வருஷம் தள்ளிப்போடலாம். பூபாலன் விஷயம் நமக்கு லேட்டாத் தெரிஞ்சுது. அந்தப் பையனுக்கு அப்படி ஆக வேண்டாம்.”

சரிங்க என்றேன்.

ஜூன் 15, சனி

தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தேன், நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. மனசு முழுக்கச் சுலோச்சனா மகன் கோகுல்நாத்.

எதைச் சொன்னாலும் “ஆங்?” என்பான். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். காலையில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே பை தொங்கும், ராத்திரி சினிமா பார்த்தேன் அத்தை என்பான். ஆறு வயதில் பள்ளிக்கூட லீவுக்கு இங்கே வந்திருந்தபோது காய்ச்சலில் சிவப்பாக ஒன்றுக்குப் போனான். பீட்ரூட் தின்றிருப்பான் என்று அவள் சொன்னாள். நான் அந்த வாரம் பீட்ரூட்டே வாங்கவில்லை.

அவனுக்கு இருக்கிறது. எனக்குச் சத்தியமாகத் தெரியும்.

என் அப்பன் வீட்டு ரத்தமாம்! அது உன் அம்மா பிறந்த வீட்டு ரத்தம்டி சுலோச்சனா. எனக்கு அப்பன் வழியாக வந்தது, உனக்கு அம்மா வழியாக வந்தது. ஒரே கிணற்றுத் தண்ணீரை நான் ஒரு குடத்தில் எடுத்தேன், நீ ஒரு குடத்தில் எடுத்தாய்.

சொல்லப்போவதில்லை.

காரணம் இருக்கிறது. ஊரிலிருக்கிற ஒரே நல்ல கிட்னி அவருடையது. அவர் அக்கா சொல்லைத் தட்டாதவர். கோகுலுக்கும் நோய் என்று இன்று தெரிந்தால் நாளைக்கே அவள் “என்ற தம்பி கிட்னி என்ற பையனுக்கு” என்று வந்து நிற்பாள். அப்புறம் என் பிள்ளைக்கு யார்? முதலில் பூபாலன் விஷயம் முடியட்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இது ஒரு காரணம். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். நேற்று பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பங்குனிக்கு அப்புறம் நேற்றுத்தான் எனக்கு நல்ல பசி எடுத்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

அவளே வந்தாள். பட்டுப்புடவை, தாம்பாளம், பூ, பழம். கோகுலுக்குத் திருப்பூரில் பெண் பார்த்து முடித்துவிட்டார்களாம். பனியன் கம்பெனி வீடு. ஜூலையில் நிச்சயம், ஆடி போய் ஆவணியில் கல்யாணம்.

“வாங்க அண்ணி” என்றேன். பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உட்காரவில்லை. தாம்பாளத்தை அவர் கையில் கொடுத்தாள், என் கையில் இல்லை. போகும்போது வாசலில் நின்று, “பரிமளா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. பூபாலன நிச்சயத்துக்குக் கூட்டிட்டு வர வேண்டாம். பொண்ணு ஊட்டுக்காரங்க அவன் கையில இருக்கற அந்த வீக்கத்தப் பாத்தா என்ன ஏதுன்னு கேப்பாங்க. நீ பையனோட இரு. தாய்மாமன் வந்தாப் போதும்” என்றாள்.

டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் அது. பூபாலன் உள்ளே இருந்தான். மெஷின் போட்டிருந்தான், கேட்டிருக்கும். வெளியே வந்தவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். இந்த வெயிலில்.

எப்போது சொன்னால் அதிகமாக வலிக்கும் என்று உட்கார்ந்து யோசித்தேன். நிச்சயத் தட்டு மாற்றும்போதா? முகூர்த்தத்துக்கு முதல் நாளா? சொல்லாமலே விட்டால்? தாலி கட்டி, ஒரு குழந்தை பிறந்து, அதுவும் பெண்ணாகப் பிறந்து, அந்த வட்டத்துக்குள்ளும் நோய் போன பிறகு அவளுக்குத் தெரிந்தால்? மூன்றாவதுதான் நல்ல தண்டனை என்று பட்டது. கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே இதையெல்லாம் யோசித்தேன். இன்று துவையல் ருசியாக வந்தது.

ஜூலை 7, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. அவர் வேட்டி கட்டிக்கொண்டு போனார். நானும் பூபாலனும் டிவி பார்த்தோம்.

மத்தியானம் கோகுல் பட்டுச்சட்டையோடு பைக்கில் நேரே இங்கே வந்தான். “மாப்ள, நீ இல்லாம எனக்கு என்னடா நிச்சயம்?” என்று பூபாலன் பக்கத்தில் உட்கார்ந்து பெண்ணின் போட்டோவைக் காட்டினான். இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல பிள்ளை. அவர் தறியில் இருக்கிற நாட்களில் பூபாலனை ஈரோட்டுக்குக் கூட்டிப்போவது அவன்தான். அவள் வயிற்றில் பிறந்தது அவன் விதி.

ஜூலை 19, வெள்ளி

இன்று பக்குவமாக ஆரம்பித்தேன். அவருக்குப் பிடித்த கொள்ளுப்பருப்பு வைத்து, சாப்பிடும்போது சொன்னேன்.

“டாக்டரம்மா சொன்னாங்க. உங்களுக்கு இந்த நோவு வராதுங்களாமா. கிட்னி குடுத்தாலும் நல்லா இருப்பீங்களாமா.”

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வராது என்று சொன்னால் மனுஷன் சந்தோஷம்தானே படவேண்டும்? வந்துவிட்டது என்று சொன்னதுபோல உட்கார்ந்திருந்தார்.

“அக்காகிட்ட ஒரு வார்த்த கேக்கோணும்” என்றார். கை கழுவப் போனவர் கொல்லையிலேயே நெடுநேரம் நின்றார்.

எதற்கெடுத்தாலும் அக்கா. ஐம்பது வயது ஆண்பிள்ளையை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாளே. இவருடைய கோழைத்தனம்கூட அவள் வளர்த்ததுதான்.

ஜூலை 26, வெள்ளி

எடை 50.2. மூச்சு வாங்கியது. அதிகம் தண்ணீர் குடித்துவிட்டான். திட்டினேன், பிறகு அழுதேன். அவர் இன்னும் அக்காவிடம் கேட்கவில்லையாம். ஆடி மாதமாம், நல்ல காரியம் பேசக்கூடாதாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

டயாலிசிஸ் முடிந்து கோகுல்தான் கூட்டிவந்தான். வந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

“அத்த, தல வெடிக்குது. வலி மாத்திர ஏதாச்சும் இருக்குங்களா?”

எங்கள் வீட்டில் வலி மாத்திரை கிடையாது. கிட்னி கெட்டவனுக்கு அது விஷம் என்று டாக்டரம்மா முதல் நாளே சொன்னது. பூபாலன் கைதவறிக்கூட எடுத்துவிடக்கூடாது என்று அன்றே எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் போட்டேன்.

“இல்ல சாமி” என்றேன்.

“தெனமும் வருதுங்க அத்த. கல்யாண அலைச்சல். மெடிக்கல்ல குடுக்கற மாத்திர ரெண்டு போட்டாத்தான் நிக்குது.”

“அப்படியா” என்றேன்.

போகும்போது முக்குக் கடையில் பைக்கை நிறுத்தி வாங்கினான். ஜன்னலில் இருந்து பார்த்தேன். நான் கொடுக்கவில்லை. நான் வாங்கச் சொல்லவும் இல்லை. அவனே வாங்கினான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

“உங்க நாத்தனார் பையன் வரவே இல்லியேம்மா? சொன்னீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“சொல்லிட்டேனுங்க. கல்யாண வேல. முடிச்சுட்டு வர்றாங்களாமா.”

“கல்யாணத்துக்கு முன்னாடி வரணும்மா. அந்தப் பொண்ணுக்கும் தெரியணும் இல்லியா?”

அப்போதுதான் அந்தத் திருப்பூர்ப் பெண்ணின் ஞாபகமே எனக்கு வந்தது. போட்டோவில் பார்த்தேன். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்று எதுவும் வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

கல்யாணப் பத்திரிகை. தாய்மாமன் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. பூபாலன் பெயர் இல்லை. கோகுலே பேனாவால் எழுதி, ‘மாப்பிள்ளைத் தோழன்: பூபாலன்’ என்று எங்கள் பத்திரிகையில் மட்டும் சேர்த்துக் கொடுத்தான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பூபாலன், “மச்சான், அத்த திட்டப் போறாங்க. முழுக்கைச் சட்டை போட்டுட்டுத்தான் வருவேன்” என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கோகுல் ஜவுளிக்கடையில் விழுந்துவிட்டான். வேட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் மூச்சு முட்டி அப்படியே சரிந்தானாம். ஈரோட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள், எங்கள் டாக்டரம்மாவிடமே. இரண்டு கிட்னியும் செத்துவிட்டது என்றார்களாம். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ்.

நான் கேட்டது எல்லாம் நடந்துவிட்டது. பாயசம் வைக்க வேண்டும். பாலும் இருக்கிறது. அடுப்பைப் பற்றவைத்து, ஒன்றையும் வைக்காமல் அணைத்துவிட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

போகாமல் இருக்க முடியவில்லை. பூபாலன் விடவில்லை.

சுலோச்சனா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. நேற்றுக் கட்டிய புடவை. என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தாள். உதறவேண்டும் என்று நினைத்தேன், கை கேட்கவில்லை.

“திருப்பூர்க்காரங்க போன் எடுக்கறதில்ல பரிமளா. தட்டத் திருப்பி அனுப்பீட்டாங்க. போச்சாது, போனாப் போகுது. பையன் பொழச்சாப் போதும்.” பிறகு அழுதாள். “அன்னைக்குப் பந்தியில உன்னச் சொன்னனே, அதுதான் எனக்கு வந்து விடிஞ்சுது.”

“எதுக்குங்க அண்ணி அப்படிச் சொன்னீங்க?” இவ்வளவு நாள் கேட்காத கேள்வி.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இனி மறைச்சு என்ன ஆகப் போகுது? உன்ற ஊட்டுக்காரன் டெஸ்டன்னைக்குக் காத்தால வந்து என்ற காலப் புடிச்சான். அக்கா, எனக்குக் கத்தின்னாப் பயமா இருக்குது, மேசையிலயே செத்துப்போயிருவேன், நீ வேண்டாம்னு சொல்லீட்டீன்னு அவகிட்டச் சொல்லிப்போடறேன்னு அழுதான். நாங் குழந்தையில இருந்து தூக்கி வளத்தவன். சரி, பழி எம்மேலயே இருக்கட்டும்னு விட்டேன். ஊருக்கும் ஒரு காரணம் சொல்லோணுமில்ல. வாயில வந்ததச் சொல்லிப்போட்டேன். அது தப்புத்தான்.”

கொள்ளுப்பருப்பு பிசைந்த கை நின்றது ஏன் என்று எனக்கு இப்போது தெரிகிறது. நோய் வராது என்று சொல்லி, அந்த மனுஷன் ஒளிந்திருந்த கடைசி மூலையையும் நான் அடைத்திருக்கிறேன்.

அவர் அந்த வராந்தாக் கடைசியில்தான் நின்றுகொண்டிருந்தார். டீ வாங்கி வருகிறேன் என்று படியிறங்கிப் போய்விட்டார்.

இத்தனை மாதம் நான் யார் மேல் கல்லை எறிந்துகொண்டிருந்தேன்?

செப்டம்பர் 3, செவ்வாய்

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார். அதே வட்டம், சதுரம். கேள்விக்குறி போட்டிருந்த வட்டத்தை முழுக்கக் கறுப்பாக்கினார். சுலோச்சனா ஒன்றொன்றாகக் கேட்டாள். என் கிட்னியக் குடுக்கறேனுங்க என்றாள். உங்களுக்கும் அதே ஜீன், இப்போதைக்கு முடியாது என்றார் டாக்டரம்மா. முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டாள்.

“கிட்னி ஏற்கெனவே பழுதாத்தான் இருந்திருக்கு. ஆனா மூணு மாசம் முன்னாடி வந்து, பிரஷருக்கு மாத்திரை போட்டு, இந்த வலி மாத்திரைய நிறுத்தியிருந்தா இன்னும் சில வருஷம் ஓட்டியிருக்கலாம். ஜூன்லயே இவங்ககிட்டச் சொல்லி அனுப்பினேனே. கல்யாணம் முடிச்சுட்டு வர்றோம்னு நீங்க சொன்னதாச் சொன்னாங்க.”

சுலோச்சனா என் பக்கம் திரும்பினாள். நான் மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் கிட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அங்கேயே என்னை அறைவாள் என்று நினைத்தேன். “ஆமாங்க. சொன்னா. நாங்கதான் வல்ல” என்றாள்.

வெளியே வந்ததும் என்னைத் தாண்டி நடந்தாள். மகன் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று முகூர்த்தம். மண்டபக்காரர் வாழைமரத்தை என்ன செய்வது என்று போன் செய்தார்.

செப்டம்பர் 13, வெள்ளி

சொல்லிப் பழகினேன். அவள் என்னைக் கேட்டால், நீ பந்தியில் சொன்னாயே, நிச்சயத்துக்கு என் பிள்ளையை வரவிடவில்லையே என்று திருப்பிக் கேட்க வேண்டும். உன் தம்பிதான் பயந்தான் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும். என்னிடமும் நியாயம் இருக்கிறது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

எப்படிச் சொன்னாலும், ஜன்னலில் நின்று அவன் மாத்திரை வாங்குவதைப் பார்த்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் கதவைத் தட்டினார்கள். சுலோச்சனா. பின்னால் அவர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. ராத்திரி அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன். தங்கவில்லை, பிடித்து வைத்திருந்திருக்கிறாள்.

“இவனக் கூட்டிட்டு வந்திருக்கறேன். டெஸ்டுக்குப் போறான். பூபாலனுக்கு” என்றாள்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. “கோகுலுக்கு...” என்று இழுத்தேன்.

“பூபாலனுக்கு இவன் அப்பன். என்ற பையனுக்கு மாமன். அப்பன் கிட்னி மகனுக்குத்தான். என்ற பையன் பேர சர்க்கார் கிட்னி வரிசையில எழுதியாச்சு. சாமி குடுத்தாக் குடுக்கட்டும்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீ பேசாத” என்றாள். “உனக்காக நாஞ் சொன்ன பொய்யிலதான் இத்தன வெனையும்.”

நான் குனிந்தேன். அவள் காலைத் தொட வேண்டும் என்றுதான் குனிந்தேன். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

“தொடாத. நா உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத பரிமளா. நீ என்ற பையனுக்குப் பண்ணுனத நா உன்ற பையனுக்குப் பண்ண மாட்டேன், அவ்வளவுதான். உன்ற பையன் நல்லாயி எந்திரிச்சு நடக்கறப்பெல்லாம், இது அவ அனுப்பி வெச்சதுன்னு நீ நெனைக்கோணும். நீ சாகற வரைக்கும் நெனைக்கோணும்.”

தம்பியை முன்னால் விட்டு அவள் பின்னால் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். ஆட்டை ஓட்டிப்போவது போல.

உள்ளே இருந்த பூபாலன் அப்போது மெஷின் போட்டிருக்கவில்லை; அப்பா டெஸ்டுக்குப் போகிறார் என்று நான் சொன்னதும் துள்ளினான். “அத்தயா மனசு மாறுனாங்க? அம்மா, நா சொன்னன்ல, அத்த நல்லவங்கன்னு” என்றான். ஆமாம் என்றேன். அவனுக்குச் சோறு போட்டேன். நான் சாப்பிடவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

எடை 48. அவருக்கு எல்லா டெஸ்டும் சுத்தம். பொருந்துகிறது. சர்க்கார் அனுமதிக்குப் பேப்பர் போயிருக்கிறது, தையில் ஆபரேஷன் இருக்கலாம். அவர் தினமும் ஒரு சாமிக்கு வேண்டிக்கொள்கிறார். நான் அவரோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. இவர் பயத்தை நான் என்ன பண்ணுவது? ஆபரேஷன் முடியட்டும், இவருக்கு என்று தனியாக வைத்திருக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்று சுலோச்சனாவிடமிருந்து ஆள் வந்தது. கோகுலை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்களாம். டயாலிசிஸ்காரனுக்குச் சமைக்க அவளுக்குத் தெரியவில்லையாம். என்னை வந்து கற்றுக்கொடுக்கச் சொன்னாளாம்.

பங்குனிக்குப் பிறகு இன்றுதான் அந்த வாசலை மிதித்தேன். தறி இரண்டு ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காயை எப்படிச் சின்னதாக நறுக்கவேண்டும், எவ்வளவு தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், வேகவைத்த தண்ணீரை ஏன் கொட்டவேண்டும் என்று காட்டினேன். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது. அவள் கேள்வி மட்டும் கேட்டாள். உப்பு எவ்வளவு? கீரை ஆகுமா?  சமையலறையில் இரண்டு பேர்தான், ஒரே சொம்பில் தண்ணீர் எடுத்தோம்.

கோகுல் மெல்ல நடந்துவந்து கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்தான். இளைத்துப் பாதியாகிவிட்டான். காதில் புது மெஷின்.

“இப்ப எல்லாம் கணீர்னு கேக்குதுங்க அத்த” என்று சிரித்தான். “பாருங்க, எங்கம்மா குரல் இவ்வளவு கர்ணகடூரம்னு இத்தன நாளா எனக்குத் தெரியாது.”

நானும் சிரித்தேன். சிரித்துத்தானே ஆகவேண்டும்.

கொஞ்ச நேரம் நான் காய் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஏனுங்க அத்த, பூபாலன வெச்சுட்டு இத்தன வருசம் இதெல்லாம் பாத்திருக்கறீங்க. எனக்கும் இது இருக்குதுன்னு உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வல்லீங்களா? முன்னயே தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பீங்கல்ல?”

குழாயை மூடினேன். 

சுலோச்சனா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“அதென்ன சாமி அப்படிக் கேக்கற? தெரிஞ்சிருந்தா உங்கத்த சொல்லாம இருப்பாளா?”

பிறகு என்னைப் பார்த்தாள். “நாளைக்கும் வந்துரு பரிமளா. இன்னும் ரசம் வெக்கத் தெரியல எனக்கு.”

வருகிறேன் அண்ணி என்றேன்.